ஒற்றை விமானத்தில் சிங்கோராவுக்குப் போன ஸ்கார்ஃப்

கோல சிலாங்கூர், பத்தாங் பெர்சுந்தை, ஈஜோக் பகுதித் தோட்டங்களில் ஜப்பான்காரன் காலத்துக் கதை கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றது, சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனது என்று அந்தக் கதைகள் நீளும். ஆனால் ஜப்பானியர் இந்த ஆற்று முகத்துவாரம் வரை அவ்வளவு சுலபமாக எப்படி வந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் சிலாங்கூரில் இல்லை. அது வடக்கே, தாய்லாந்தின் சிங்கோரா விமானத் தளத்தில் இருக்கிறது. அந்தத் தளத்தை அழிக்கத் தனியாகப் பறந்து போய் உயிரைவிட்ட விமானி ஆர்தர் ஸ்டுவர்ட் கிங் ஸ்கார்ஃப்.

லண்டனை அடுத்த விம்பிள்டனில் 1913 ஜூன் 14ஆம் தேதி பிறந்தவர் அவர். அங்குள்ள கிங்ஸ் காலேஜ் பள்ளியில் படித்தார். 1936இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். அவர் பணியாற்றிய 62ஆவது படைப்பிரிவு 1939இல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டது. போர் வெடித்த சமயத்தில் அது கெடாவின் அலோர் ஸ்டார் விமானத் தளத்தில் இருந்தது. ஸ்கார்ஃபின் மனைவி சேலி ஒரு தாதி. அலோர் ஸ்டார் மருத்துவமனையில்தான் அவருக்கு வேலை.

அந்தப் பிரிவிடம் இருந்தவை பிளென்ஹைம் ரக விமானங்கள். இரண்டு இயந்திரம், மூன்று ஆட்கள், ஏறக்குறைய 450 கிலோ குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேகமான விமானம் என்று பேர் வாங்கியது, 1941இல் பழசாகிவிட்டது. மலாயாவைக் காக்கக் குறைந்தது 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டனில் கணக்குப் போட்டிருந்தார்கள். போர் தொடங்கிய நாளில் கையில் இருந்தவை 158. தரைப்படையைக் கலக்காமலேயே வடக்கில் ஆங்காங்கே விமானத் தளங்களைக் கட்டிவைத்தார்கள் என்பது இன்னொரு கூத்து. பறக்க விமானம் போதவில்லை, ஆனால் அந்தத் தளங்களைக் காக்க மட்டும் இந்தியச் சிப்பாய்கள் நிறுத்தப்பட்டார்கள்.

ஜப்பானியர் சிங்கோராவுக்கு வருவதற்கு முன்பே எல்லை தாண்டிப் போய் அதைப் பிடித்துவிடுவது என்று பிரிட்டிஷார் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். மெட்டடோர் என்று அதற்குப் பெயர். தாய்லாந்து நடுநிலை நாடு, முதலில் நாம் நுழைந்தால் பழி நம்மீது விழும் என்று தளபதிகள் தயங்கினார்கள். தயங்கிய நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி அதிகாலையில் கோத்தா பாரு, பட்டாணி, சிங்கோரா ஆகிய மூன்று இடங்களிலும் ஜப்பானியப் படை கரையேறியது.

அன்று காலை ஸ்கார்ஃபின் பிரிவு குண்டுகளோடு கிளம்பிப் பட்டாணியைத் தாக்கிவிட்டு அலோர் ஸ்டாருக்குத் திரும்பியது. இறங்கிய விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் தலைக்குமேல் வந்தன. பெரும்பாலான பிளென்ஹைம்கள் தரையிலேயே நாசமாயின. சுங்கை பட்டாணியிலும் பட்டர்வொர்த்திலும் அன்று இதே கதைதான். மிஞ்சியதை எடுத்துக்கொண்டு 62ஆவது பிரிவு பட்டர்வொர்த்துக்கு வந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குண்டுவீச்சு விமானம் தரையில் நிற்கும்போது வெறும் தகரம். எண்ணெய் ஊற்ற வேண்டும், குண்டு ஏற்ற வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் எவன் முந்திக்கொள்கிறானோ அவன்தான் வானத்துக்குச் சொந்தக்காரன். ஆகவே எதிரியின் விமானங்களை அவனுடைய தளத்திலேயே வைத்து அடித்துவிட வேண்டும் என்பது இரு தரப்பின் கணக்கும். சிங்கோராவிலிருந்து கிளம்பும் சண்டை விமானங்கள்தான் கரையேறிய ஜப்பானியப் படைக்குக் குடைபிடித்துக்கொண்டிருந்தன. சிங்கோரா ஓடுதளத்தை உடைக்காமல் அந்தப் படையைத் தடுக்க முடியாது.

மறுநாள், டிசம்பர் 9. சிங்கோரா மீது பகலிலேயே இரண்டு தாக்குதல்கள் என்று திட்டம். முதலில் 34ஆவது பிரிவின் ஆறு பிளென்ஹைம்கள் போயின. துணைக்குச் சண்டை விமானம் ஒன்றுகூடக் கிடையாது. மூன்று திரும்பவில்லை. மாலையில், பறக்கக்கூடிய அத்தனை விமானமும் பட்டர்வொர்த்திலிருந்து ஒன்றாகக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. அணிவகுத்துப் போனால் ஒரு விமானத்தின் துப்பாக்கி மற்றதைக் காக்கும். அந்தத் தாக்குதலின் உயிரே அதில்தான் இருந்தது.

ஸ்கார்ஃபின் விமானம் முதலில் ஓடி மேலெழும்பியது. சில விநாடிகளில் ஜப்பானிய விமானங்கள் பாய்ந்து வந்து தளத்தைத் தாக்கின. புறப்பட வரிசையில் நின்ற மற்ற விமானங்கள் எல்லாம் எரிந்தன, அல்லது பறக்க முடியாதபடி சேதமாயின. ஸ்கார்ஃப் வானில் ஒரு வட்டமடித்து அதைப் பார்த்தார். அவர் அப்போதே திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டமாகப் போக வேண்டிய வேலைக்கு இனி ஒரே ஒரு விமானம். அதனால் பெரிய சேதம் எதுவும் விளையாது என்பதும் அவருக்குத் தெரியும். கீழே எரியும் விமானங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற தம் ஆட்கள் மனம் உடைந்துவிடக் கூடாது என்று எண்ணினார். விமானம் வடக்கே திரும்பியது.

ஏறக்குறைய 200 கிலோமீட்டர். உடன் இருந்தவர்கள் வழிகாட்டி கால்டர், துப்பாக்கிக்காரர் ரிச். சிங்கோரா மேல் போய்ச் சேர்ந்து குண்டுகளைப் போட்டார்கள். உடனே சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. ஸ்கார்ஃப் மர உச்சியை உரசுமளவுக்குத் தாழ்ந்து, வளைந்து வளைந்து எல்லையை நோக்கி ஓட்டினார். குண்டுகள் அவருடைய இடது கையைச் சிதைத்தன, முதுகிலும் பாய்ந்தன. மலாயா எல்லை வரை விரட்டல் நிற்கவில்லை. ரத்தம் வடிய இருக்கையில் சரிந்தவரை ரிச் பின்னாலிருந்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். கால்டர் கைகொடுக்க, விமானம் பறந்துகொண்டே இருந்தது.

பட்டர்வொர்த் வரை தாங்காது என்று தெரிந்துவிட்டது. அலோர் ஸ்டார் மருத்துவமனைக்கு அருகே வயலில் சக்கரத்தை இறக்காமலே விமானத்தை வழுக்கவிட்டு இறக்கினார். உடன் இருந்த இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மருத்துவமனைக்குள் தூக்கிக்கொண்டு போனபோது அங்கே சேலி இருந்தார். கணவருக்கு ரத்தம் தேவைப்பட்டது, அவருடைய ரத்தம் பொருந்தியது, கொடுத்தார். சற்று நேரத்தில் ஸ்கார்ஃப் இறந்தார். வயது 28.

அதன்பின் வடக்கில் பகல் குண்டுவீச்சையே பிரிட்டிஷார் கைவிட்டார்கள். அலோர் ஸ்டார் தளமும் காலியானது. டிசம்பர் 10ஆம் தேதி பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு போர்க்கப்பல்களும் வான்தாக்குதலில் மூழ்கின. 11ஆம் தேதி பினாங்கு ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்து ஏராளமான பொதுமக்கள் மாண்டார்கள். ஜித்ராவில் இந்தியப் படை உடைந்தது. அங்கே அகப்பட்ட கேப்டன் மோகன் சிங்தான் அலோர் ஸ்டாரில் இந்திய தேசிய ராணுவத்துக்கு முதல் விதையைப் போட்டவர். 1943இல் நேதாஜி வந்தபின் தோட்டப் பாட்டாளிகள் திரளாகச் சேர்ந்த அதே படை.

ஜப்பானியர் சிங்கோரா பக்கம் கரையிறங்கப் பயன்படுத்திய சிறு படகுகளைத் தரைவழியே மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பினாங்கில் அழிக்காமல் விட்டுவந்த படகுகளும் அவர்களுக்குக் கிடைத்தன. தடுக்க வானில் விமானம் இல்லை. 1942 ஜனவரி 2ஆம் தேதி அந்தப் படகுகள் கோல சிலாங்கூர் முகத்துவாரத்தில் தலைகாட்டின. கரையிலிருந்த பீரங்கிகள் அன்று விரட்டிவிட்டன. ஆனால் பெர்ணம் ஆற்றுப் பக்கம் இறங்கியவர்கள் சபாக், தஞ்சோங் காராங் வழியாகத் தெற்கே நடந்து வந்துவிட்டார்கள். பத்தாங் பெர்சுந்தை பக்கம் சண்டை மூண்டது. அங்கிருந்து ரவாங் எட்டிவிடும் தூரம். ரவாங் விழுந்தால், சிலிம் ரீவர் பக்கம் நின்ற முழுப் படைக்கும் பின்கதவு மூடிவிடும். ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமார்கள் காரேறிப் போய்விட்டார்கள். லயத்தில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்? மரம் வெட்ட ஆளிருந்தும் பாலை வாங்க ஆளில்லை. பிறகு சயாமுக்கு ஆள் பிடிக்க லாரிகள் வந்தன.

தோல்வியின் குழப்பத்தில் ஸ்கார்ஃபின் கதையும் அமுங்கிப்போனது. போர் முடிந்து, சிறைப்பட்டவர்கள் வெளியே வந்தபின்தான் நடந்தது முழுமையாகத் தெரியவந்தது. 1946 ஜூனில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. மலாயாப் போரில் விமானப்படைக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா கிராஸ் அதுதான். அடுத்த மாதம் சேலி அதைப் பெற்றுக்கொண்டார். 2022இல் அந்தப் பதக்கம் ஆறு லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போனது. நாட்டைவிட்டு வெளியேறாதபடி தடுத்து, பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொண்டது.

ஸ்கார்ஃபின் கல்லறை தைப்பிங் போர் மயானத்தில் உள்ளது. மேக்ஸ்வெல் மலை அடிவாரத்துக்குப் போகும் சாலையின் இரு பக்கமும் அந்த மயானம் பரந்திருக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள், எதிர்ப்பக்கம் இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரர்கள். அங்குள்ள கல்லறைகளில் பாதிக்கு மேல் பெயரில்லை. தைப்பிங் லேக் கார்டனுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் சற்றுத் தூரம் கூடுதலாகப் போனால் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.