பெரியாரும் 295-வது பிரிவும்

குப்பத்துத் தமிழர்களுக்கு வேலூர் ஆஸ்பத்திரி புதிய இடம் அல்ல. குப்பத்தில் ரெயில் ஏறி, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கி, நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துப்போன குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான் 1973-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி காலை தந்தை பெரியார் காலமானார். அப்போது அவருக்கு வயது 94.

அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவர் மீது தொடரப்பட்ட ஒரு வழக்கும், அவர் எழுதிய புத்தகத்துக்குப் போடப்பட்ட ஒரு தடையும் இன்னும் பழங்கதை ஆகவில்லை. மதத்தைப் பற்றி ஒருவர் எதுவரை பேசலாம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் அந்த இரண்டு தீர்ப்புகளும் வெளியே வருகின்றன.

ஈரோட்டு வியாபாரி

ஈ.வெ.ராமசாமி 1879-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். தந்தை வெங்கட்ட நாயக்கர் பெரிய வியாபாரி. தாயார் சின்னத்தாயம்மாள். வீட்டில் பேசிய மொழி கன்னடம். தமிழும் தெலுங்கும் அவருக்குக் கைவந்தவை. குப்பம் சந்தையில் நிற்கிறவர்களைப் போல அவரும் மூன்று மொழிக்காரர்.

பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளோடு நின்றது. சிறு வயதிலேயே மண்டிக்கு வந்துவிட்டார். வீட்டுக்கு வரும் பண்டிதர்களை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

1904-ல் வீட்டில் கோபித்துக்கொண்டு காசிக்குப் போனார். பசியோடு சத்திரத்துக்குள் நுழையப் போனவரை, பிராமணர் அல்ல என்று தடுத்தார்கள். அந்தப் பசியை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

ஊர் திரும்பியவர் ஈரோடு நகராட்சித் தலைவர் ஆனார். தேவஸ்தான கமிட்டியின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. கடவுளை நம்பாதவர் கோவில் கணக்கை ஒழுங்காகப் பார்த்தார். 1919-ல் பதவிகளை உதறிவிட்டுக் காங்கிரசில் சேர்ந்தார். 1924-ல் வைக்கம் போராட்டத்தில் இரண்டு முறை சிறை சென்றார். 1925-ல் குடி அரசு பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு காங்கிரசை விட்டு வெளியேறினார்.

லாகூரில் பிறந்த சட்டம்

1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 295-வது பிரிவு உண்டு. கோவில், மசூதி போன்ற இடங்களையோ, ஒரு சாரார் புனிதமாகக் கருதும் பொருளையோ அவமதிக்கும் நோக்கத்தோடு சேதப்படுத்துவது குற்றம் என்று அது கூறியது. பேச்சும் எழுத்தும் அதில் அடங்கவில்லை.

1924-ல் லாகூரில் நபிகள் நாயகத்தைப் பற்றி ஒரு நூல் வெளிவந்தது. முஸ்லிம்கள் கொதித்தார்கள். வெளியிட்ட ராஜ்பால் மீது வழக்கு நடந்தது. 1927-ல் ஐகோர்ட்டு அவரை விடுதலை செய்தது. கிளர்ச்சி பெருகவே, வெள்ளைக்கார சர்க்கார் அதே ஆண்டில் 295-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. வேண்டுமென்றே தீய எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சும் எழுத்தும் இனி குற்றம் என்று ஆயிற்று. சட்டம் வந்தும் ராஜ்பால் தப்பவில்லை. 1929-ல் அவரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள்.

பெரியாரின் பத்திரிகை சூடுபிடித்து வந்த காலம் அது. 1933-ல் எழுதிய ஒரு தலையங்கத்துக்காக அவரும், பதிப்பாளரான அவருடைய தங்கை கண்ணம்மாளும் ராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றார்கள். பகத்சிங் நாத்திகம் பற்றி எழுதிய கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்த ஜீவானந்தமும், வெளியிட்ட பெரியாரின் அண்ணன் கிருஷ்ணசாமியும் கைது ஆனார்கள்.

திருச்சியில் உடைந்த பொம்மை

1953-ம் ஆண்டு மே 27-ந் தேதி மாலை. திருச்சி டவுன்ஹால் மைதானம். முன்கூட்டியே அறிவித்துவிட்டு, கூட்டத்தின் நடுவே பெரியார் ஒரு களிமண் பிள்ளையாரைப் போட்டு உடைத்தார். உருவ வழிபாட்டை ஒழிப்பதே நோக்கம் என்று சொன்னார்.

பக்தர்களின் மனம் பதறியது. பிள்ளையார் சுழி போடாமல் கணக்கு எழுதாத மக்கள் அல்லவா! வீரபத்திரன் செட்டியார் என்ற பக்தர் 295, 295-ஏ பிரிவுகளின் கீழ் கோர்ட்டில் புகார் கொடுத்தார். உடைந்தது கோவில் விக்கிரகம் அல்ல, வெறும் மண் பொம்மை என்று மாஜிஸ்திரேட்டு புகாரைத் தள்ளினார். செசன்ஸ் கோர்ட்டும் சென்னை ஐகோர்ட்டும் அதையே சொல்லின.

செட்டியார் விடவில்லை. டெல்லி வரை போனார். 1958 ஆகஸ்டு 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கீழ்க்கோர்ட்டுகள் சட்டத்துக்கு மிகக் குறுகிய பொருள் கொடுத்துவிட்டன, கோவிலில் பிரதிஷ்டை செய்யாவிட்டாலும் ஒரு சாரார் புனிதமாகக் கருதும் பொருளுக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. ஆனால் சம்பவம் நடந்து ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டதால் மீண்டும் விசாரணை தேவையில்லை என்று அப்பீலைத் தள்ளியது. சட்ட விளக்கத்தில் செட்டியார் ஜெயித்தார். வழக்கில் பெரியார் தப்பினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மனம் நொந்த மனிதர் கையில் எடுத்தது மனுவை; கத்தியை அல்ல.

புத்தகத்துக்குத் தடை

ராமாயணத்தைக் கண்டித்துப் பெரியார் எழுதிய புத்தகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிவந்தது. இந்தியில் வெளியிட்டவர் லலாய் சிங் யாதவ். 1969 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு இரண்டையும் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. லலாய் சிங் வழக்குத் தொடர்ந்தார். 1971-ல் அலகாபாத் ஐகோர்ட்டு தடையை ரத்து செய்தது. மாநில அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

1976 செப்டம்பர் 16-ந் தேதி தீர்ப்பு வந்தது. தடைக்கான காரணங்களை உத்தரவில் எடுத்துச் சொல்லாத அரசு ஒரு புத்தகத்தைப் பறிக்க முடியாது என்று கிருஷ்ணய்யர் முதலான நீதிபதிகள் அப்பீலைத் தள்ளினார்கள். மறுநாள் பெரியாரின் பிறந்த நாள். ஆனால் அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

எதிரிக்கும் மரியாதை

மேடையில் அவர் பேச்சு அரிவாள் போல இருக்கும். ஆளைப் பார்த்தால் பழக்கம் வேறு. குன்றக்குடி அடிகளாரின் மடத்தில் திருநீறு பூசியபோது மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். ஆயுள் முழுவதும் கொள்கையில் மோதிய ராஜாஜி 1972 டிசம்பரில் இறந்தபோது, சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கே வந்து கண்ணீர் விட்டார்.

இன்றைய நிலை

அந்தச் சட்டம் பாகிஸ்தானிலும் இருந்தது. அங்கே 1986-ல் 295-சி சேர்க்கப்பட்டது. மரண தண்டனை வரை போனது. அந்தச் சட்டத்தைக் குறை கூறிய பஞ்சாப் மாகாண கவர்னர் சல்மான் தசீரை 2011-ல் அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். இங்கிலாந்திலோ மத நிந்தனைச் சட்டத்தை 2008-ல் எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் பழைய 295-ஏ பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-வது பிரிவாக இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. செல்போனில் எழுதி அனுப்பும் செய்தியும் அதில் அடங்கும். நாத்திகக் கருத்துகளை எழுதிய ஒரு வாலிபர் 2017-ல் கோவையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை.

பெரியார் பேசியதெல்லாம் சரி என்று ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒத்துக்கொள்ளாதவர்களே அதிகம். அவர் மீது கல் வீசினார்கள், செருப்பு வீசினார்கள், வழக்குப் போட்டார்கள். இத்தனைக்கும் பிறகு 94 வயதில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இயற்கையாகக் கண் மூடினார். அது அவருக்கு மட்டும் பெருமை அல்ல. அவரை வெறுத்தும் உயிரோடு விட்டுவைத்த பக்தர்களுக்கும் அதில் பங்கு உண்டு.