அரிவாள் பட்டறையில் பிறந்த துப்பாக்கி

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில், பெர்லின் என்ற ஊரில் 1765-ம் ஆண்டு பிறந்தவர் சைமியன் நார்த். விவசாயம் செய்தார். 1795-ல், புல் அறுக்கும் அரிவாள் செய்யும் பட்டறை தொடங்கினார்.

1799-ல் அமெரிக்க அரசாங்கம் அவரிடம் 500 கைத்துப்பாக்கி கேட்டது. ஒன்றின் விலை 6½ டாலர்.

அது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசும். பொறி பறந்து மருந்தில் விழும். குண்டு பாயும்!

அந்தக் காலத்தில் துப்பாக்கி செய்வது கைவேலை. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. போர்க்களத்தில் சிறு உறுப்பு உடைந்தாலும் வீரன் கதி அதோகதிதான்.

1813-ல் நார்த் 20 ஆயிரம் கைத்துப்பாக்கி செய்ய ஒப்புக்கொண்டார். எதன் உறுப்பும் எதற்கும் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காக மிடில்டவுன் நகரில் பெரிய தொழிற்சாலை கட்டினார்.

1852-ல், 87-வது வயதில் காலமானார்.

பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் இன்று தேடி அலைவது அவருடைய முதல் துப்பாக்கியைத்தான். பித்தளை உடலின் அடியில் நார்த், செனி என்ற இரண்டு பெயர்கள் இருக்கும். மொத்தம் செய்தது 2 ஆயிரம். மிஞ்சியவை மிகச் சில.

எல்லாத் துப்பாக்கியும் ஒன்றுபோல் இருக்கப் பாடுபட்டார் நார்த். அவருடைய முதல் துப்பாக்கியோ, இன்று எளிதில் கிடைக்காத பொக்கிஷம்!