நாகசுரம் இராஜரத்தினம் பிள்ளை

நாகசுரம் வெட்டவெளிக்கென்றே அமைந்த கருவி. தேரோடும் வீதியில், மக்களின் ஆரவாரத்துக்கும் தவிலின் முழக்கத்துக்கும் இடையே அதன் ஒலி கேட்டாக வேண்டும். ஆதலால் முற்காலத்து வித்துவான்கள் திமிரி என்னும் குட்டை நாகசுரத்தையே கையாண்டனர். நாலரை, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலிக்கும் அதனை ஊத நெஞ்சுரம் வேண்டும். தொலைவுக்குக் கேட்கும் ஓசையையும் விரல்களின் விரைவையும் கண்டு வியந்தோர் பலர்.

அவ்வழக்கை மாற்றியவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை. அவர் 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் பிறந்தார். இளமைப் பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெயர் பெற்ற நாகசுர வித்துவான். ஆயினும் சிறுவர் முதலில் பயின்றது வாய்ப்பாட்டே. அதனைத் திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் கற்றார். பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகசுரம் பயின்றார். பாடுவோர் எவ்விடத்தில் மூச்சை நிறுத்துவர், எவ்விடத்தில் சுரத்தைக் குழைப்பர் என்பதை அறிந்த செவியோடு அவர் கருவியைக் கையில் எடுத்தார்.

பாடுவது போல ஊத வேண்டும் என்ற அவருடைய விருப்பத்துக்குத் திமிரி இடங்கொடுக்கவில்லை. அதன் ஒலி கூர்மையானது; சுத்த மத்தியமம் அதில் எளிதாக இடத்தில் நில்லாது; மூச்சாலும் உதட்டாலும் அடக்கி வருவிக்க வேண்டும். எனவே நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடையும் ரங்கநாத ஆசாரியுடன் கலந்து, நீண்ட பாரி நாகசுரத்தை உருவாக்கினார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. துளைகளுக்கு இடையே தொலைவு மிகுந்தது. விரல்கள் அகன்று விரிய வேண்டியதாயிற்று. வீதியை அதிரவைத்த கூரிய ஓசை குறைந்தது. அவ்விழப்பை அவர் விரும்பியே ஏற்றார். ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவையும் சுருதிக்குச் சேர்த்துக்கொண்டார்.

விரைவு அவரிடம் இல்லாமற் போகவில்லை. அவருடைய பிருகாக்களுக்கு ஈடு கொடுக்கக் கூடியவர் சிலரே. ஆனால் அவை இராகத்தின் போக்கில் தாமே எழுந்தன. இராகத்தை அவற்றுக்குப் பணிய வைக்கவில்லை. தோடி இராகத்தை அவர் மணிக்கணக்கில் விரித்து வாசிக்கக் கேட்டோர் நேரத்தை மறந்தனர். அத்தோடியை இசைத்தட்டின் சில நிமிடங்களில் கேட்டவர்களும் அவருக்கு அடியவராயினர்.

1956-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் அவர் மறைந்தார். திமிரி அரிதாகி, பாரி எங்கும் பரவியது. பழைய வீடுகளின் ஆச்சா மரத்தில் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.