கான் சாகிப் எந்தக் கட்சி?

மதுரையில் கான்சா மேட்டுத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. கான் சாகிப் என்ற பெயர்தான் ஜனங்கள் வாயில் தேய்ந்து கான்சா ஆயிற்று. ஒரு காலத்தில் மதுரைச் சீமையையும் திருநெல்வேலிச் சீமையையும் கட்டி ஆண்ட மனிதர் அவர். 1764-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி, அதே மதுரைக்கு மேற்கே தூக்கில் தொங்கினார்.

ராமநாதபுரம் பக்கம் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் என்பார்கள். மருதநாயகம் என்பது பிறந்த பெயர் என்று வழங்குகிறது. இளமையிலேயே வீட்டை விட்டுப் போய், இஸ்லாத்தைத் தழுவி, முகம்மது யூசுப் கான் ஆனார். மாசா என்ற பறங்கி வமிசத்துப் பெண்ணை மணந்தார். வேளாளப் பிள்ளை, முஸ்லிம் சிப்பாய், பறங்கிப் பெண்ணின் கணவர்! பட்டாளத்தில் இதையெல்லாம் யார் கேட்டார்கள்? குதிரை ஏறத் தெரியுமா, குறி பார்த்துச் சுடத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

1750-களின் தொடக்கத்தில் கிளைவின் கீழ்ப் போர் செய்தார். திருச்சி முற்றுகையின்போது எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவி, கும்பினிப் படைக்குத் தானிய வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். லாரன்ஸ் துரை வாயாரப் புகழ்ந்தார். தங்கப் பதக்கமும் கிடைத்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியே இருந்து அவனைத் தூங்கவிடாமல் அடித்தவர்களில் இவர் முக்கியமானவர்.

அதற்குப் பரிசாக மதுரை, நெல்லைச் சீமைகளின் அதிகாரம் கைக்கு வந்தது. கும்பினிக்கு வருஷக் குத்தகைப் பணம் கட்டவேண்டும், மற்றபடி ராஜாதான். வழிப்பறியை அடக்கினார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு இழந்த மானியங்களைத் திருப்பிக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1761-ல் புலித்தேவரின் நெற்கட்டான்செவ்வல் கோட்டையைப் பிடித்தவரும் இதே கான் சாகிப்தான். வெள்ளையனுக்கு வரி தர மறுத்த பாளையக்காரரை, வெள்ளையனுக்காக விரட்டினார்.

சிக்கல் பணத்தில் வந்தது. அந்தச் சீமைகள் தமக்கே சொந்தம் என்றார் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி. கும்பினியும் அதற்குத் தலையாட்டி, இனி நவாபுக்குக் கட்டுப்பட்டு நட என்றது. நேற்றுவரை துரைகளோடு நேருக்கு நேர் பேசியவருக்கு அது பொறுக்கவில்லை. 1763-ல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

முற்றுகை ஓராண்டுக்கு மேல் நீண்டது. 1764 ஜூனில் கும்பினிப் படை கோட்டைச் சுவரில் முட்டி மோதித் திரும்பியது. பீரங்கியால் ஆகாததைப் பசி செய்தது. உள்ளே குதிரையையும் எருதையும் தின்ன வேண்டிய நிலை. கடைசியில் பிரெஞ்சுக்காரன் மார்ஷானும், திவான் சீனிவாசராவும், இன்னும் சிலரும் சேர்ந்து, அக்டோபர் 13-ந் தேதி எஜமானனையே கட்டிப்போட்டார்கள். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள் என்பது கதை. கும்பினி அவரை நவாபிடம் ஒப்படைத்தது. நவாபு தூக்கில் போட்டார்.

பிறகுதான் வேடிக்கை. 1914-ல் ஹில் என்ற ஆங்கிலேயர் இவர் சரித்திரத்தை எழுதி, தலைப்பிலேயே கலகக்காரத் தளபதி என்று முத்திரை குத்தினார். நாட்டுப்புறத்தாரோ கான் சாகிபு சண்டை என்று கதைப்பாட்டே கட்டிப் பாடினார்கள். சுதந்திரத்திற்குப் பின் தேசபக்தர் வரிசையில் உட்கார வைக்கிறார்கள். 1997-ல் கமலஹாசன் இவரைப் பற்றிய படத்தைத் தொடங்கியபோது, விழாவுக்கு வந்தவர் இங்கிலாந்து ராணி எலிசபெத்! படம் என்னவோ பாதியில் நின்றது.

தேசபக்தர் என்றால் நெற்கட்டான்செவ்வலுக்கு என்ன பதில்? துரோகி என்றால், யாருக்குத் துரோகி? இந்தியா என்றொரு தேசத்துக்கு விசுவாசம் என்ற பேச்சே அன்று கிடையாது. உப்பிட்டவனுக்கு விசுவாசம் உண்டு. உப்பு நின்றால் கணக்கும் தீர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் வாக்குத் தவறியது கும்பினிதான் என்று கான் சாகிப் நினைத்திருப்பார். ஆனால் அவருக்காகப் பசி கிடந்த மதுரை ஜனங்களை யார் கேட்டார்கள்?

சம்மட்டிபுரத்தில் அவர் சமாதிமேல் 1808-ல் எழுப்பிய தர்கா இருக்கிறது. தலையை ஓர் ஊருக்கும் கைகால்களை வேறு ஊர்களுக்கும் அனுப்பிவிட்டு, உடலை மட்டும் அங்கே புதைத்ததாக ஊரார் சொல்வார்கள்.