சர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்

ஆசிரியர் நம்மை நன்கறிந்திருத்தலை நம்மிற் சிலர் இடையூறாகக் கருதுகின்றோம். அக்கருத்தை மாற்றவல்லது கிறிஸ்தவக் கல்லூரியின் பழைய மாணவர் அல்லாடியாரின் வாழ்க்கை.

இவர் 1883-இல் நெல்லூர் ஜில்லாவிற் புதூர் என்னும் சிற்றூரில், ஏகாம்ர சாஸ்திரியார் என்ற புரோகிதருக்கு மகனாகப் பிறந்தார். 1899-இல் மெட்ரிகுலேஷன் தேறி, சென்னை வந்து சரித்திரம் பயின்றார். கிறிஸ்தவக் கல்லூரி அந்நாளில் தாம்பரத்திலன்று, ஜார்ஜ் டவுனில் ஹைகோர்ட்டின் அருகே இருந்தது. ஓய்வு வேளைகளிற் சட்ட வகுப்புகளுக்குச் சென்று பி.எல். பட்டமும் பெற்றார்.

பட்டம் பெற்றோர் மூத்த வக்கீல் ஒருவரிடம் தொழில் பழகுதல் அக்கால முறை. அல்லாடியார் மயிலாப்பூர் வக்கீல்களுட் சிறந்த பி.ஆர். சுந்தரமையரை அடைந்தார். பெரிய வகுப்பில் மாணவன் வருகைப் பதிவில் ஒரு பெயரே. இத்தகைய சிறு பள்ளியிலோ அவனுடைய வலிமையும் சோர்வும் ஆசிரியருக்கு வெளிப்படை. படியாது வந்தவன் ஒளிய இடமில்லை. படித்து வந்தவன் மறைந்து போவதும் இல்லை. பரிந்துரைப்பார் இல்லாத புரோகிதர் மகனுக்கு இதனினும் பெரிய துணை வேறு யாது?

அல்லாடியார் 1929 முதல் 1944 வரை அட்வகேட் ஜெனரலாக விளங்கினார். மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்த தம் இல்லத்திற்குத் தந்தையார் பெயரால் ஏகாம்ர நிவாஸ் எனப் பெயரிட்டார். 1947-இல் அரசியலமைப்பு வரைவுக் குழுவில் அமர்ந்தார். அக்குழுவில் தம்மினும் தகுதி மிக்கோர் இருந்தனரென 1949-இற் கூறிய தலைவர் அம்பேத்கர், எடுத்துக்காட்டியது இவர் பெயரையே. 1953-இல் இவர் காலமானார்.

நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் பெயராக அறிவான். அங்ஙனம் நம்மை அறியும் ஆசிரியர் வாய்த்தால், நாம் அஞ்சி விலகாது அணுகி நிற்போமாக.