மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார்

மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று பனவடலிசத்திரத்து மாணவியரைக் கேட்டால் டீச்சர், நர்ஸ், பாங்கு வேலை என்றுதான் பதில் வரும். நம் பக்கத்து அக்காமார் பலர் மில் வேலைக்குப் போகிறார்கள். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர்களும் உண்டு. லீவில் வரும்போது அவர்கள் கூலியைப் பற்றிச் சொல்வதைவிட சூப்பர்வைசர் பேசிய பேச்சைப் பற்றிச் சொல்வதே அதிகம். வேலை செய்யும் இடத்தில் மனிதர் ஒருவரையொருவர் எப்படி நடத்துகின்றனர், அதை எவ்வாறு சீர்படுத்தலாம் என்பதை எம்.ஏ. பாடமாகவே படிக்கலாம் என்றால் நம்புவீர்களா? சென்னையில் படிக்கலாம். அதற்கு வழிகோலிய அம்மையாரின் வரலாறு இது.

மேரி என்ற பெயரைக் கண்டு கிறிஸ்தவப் பெண்மணி என்று எண்ணிவிட வேண்டாம். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். 1909-இல் உதகமண்டலத்தில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தவர். பதினெட்டு வயதில் நோகி கிளப்வாலா என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். 1930-இல் ஒரு மகன் பிறந்தான். 1935-இல் கணவர் காலமானார். கையில் சிறு குழந்தை, வயதோ இருபத்தாறு. அக்காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பெண் விதவையானால் வீட்டோடு அடங்கியிருப்பதே வழக்கம். அம்மையார் வெளியே வந்தார்.

சென்னைப் பேராயர் வாலரின் மனைவியார் 1923-இல் தொடங்கிய 'கில்டு ஆஃப் சர்வீஸ்' என்ற தொண்டுச் சங்கத்தில் உழைக்கலானார். இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-இல் பல சமூகப் பெண்களையும் ஒன்றுதிரட்டிப் போர்வீரருக்கான உபசரிப்புக் குழுவொன்றை ஏற்படுத்தினார். வீரர்களுக்கு நடமாடும் சிற்றுண்டி வண்டிகள், மருத்துவமனையில் கிடந்தோருக்கு ஆறுதல் எனப் பணி விரிந்தது. பர்மாவில் வென்று திரும்பிய பதினான்காம் படையினர் நன்றியின் அடையாளமாக ஒரு ஜப்பானிய வாளை அவருக்கு அளித்தனர்!

சுதந்திரத்திற்குப் பின் செய்ததே நமக்கு முக்கியம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் நல அதிகாரி இருக்கவேண்டுமென விதித்தது. அதிகாரி வேண்டும், சரி. அவருக்குப் பயிற்சி எங்கே? பம்பாயில் டாட்டா பள்ளி 1936 முதல் இருந்தது. தென்னாட்டில் ஒன்றுமில்லை. 1952-இல் அம்மையார் முன்னின்று சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார்.

இதில் ஒன்று நம்மைக் கவர்கிறது. அம்மையார் இத்தகைய படிப்பு எதையும் படித்தவரல்லர்; செய்தே கற்றவர். அப்படிப்பட்டவர், எனக்கு இதயம் இருந்தது, போதாதா என்று இருந்துவிடலாம். அவரோ தொண்டும் கற்றுத் தேறவேண்டிய தொழில் என்று கண்டு, தமக்குக் கிட்டாத கல்வியைப் பிறருக்குக் கிட்டச் செய்தார்.

ராணுவ அதிகாரியான மேஜர் ஜாதவை மறுமணம் செய்துகொண்டார். 1956-இல் சென்னை ஷெரீப் ஆனார். பத்மஸ்ரீ 1955-இலும், பத்மபூஷண் 1968-இலும் வந்தன.

எழும்பூர் காசா மேஜர் சாலையில் உள்ள அப்பள்ளி இன்று பெரிய கல்லூரி. சமூகப்பணியோடு மனிதவளமும் நிறுவன மேம்பாடும் அங்கு முதுகலைப் பாடங்கள். வகுப்போடு நில்லாமல் களப்பணிக்கும் மாணவர் செல்லவேண்டும். 1975-இல் அம்மையாருக்குப் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. அவர் மறைந்ததும் அதே ஆண்டில்தான். அவர் தொடங்கிய பள்ளிக்கு அப்போது வயது இருபத்து மூன்று.