அ. லலிதா

அ. லலிதா (அய்யலசோமயாஜுல லலிதா, ஆகஸ்ட் 27, 1919 - அக்டோபர் 12, 1979) இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஆவார். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற முதல் பெண்கள் மூவருள் இவரும் ஒருவர். மின்செலுத்துத் தொடர்கள், துணை மின்நிலையங்கள், மின்காப்புக் கருவிகள் ஆகியவை இவருடைய முதன்மைத் துறைகளாக இருந்தன.

இளமை

லலிதா சென்னையில் தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்றில், எழுவர் பிள்ளைகளுள் ஐந்தாமவராகப் பிறந்தார். இவருடைய தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தார். லலிதாவுக்கு 15 அகவையில் திருமணம் நடைபெற்றது. 1937 இல் கணவர் இறந்தபோது இவருக்கு அகவை 18. கைக்குழந்தையாக ஒரு மகள் இருந்தாள். கைம்பெண்கள் வீட்டிற்குள் ஒடுங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட அக்காலத்தில், தொழிற்கல்வி கற்றுச் சொந்தக் காலில் நிற்க இவர் முடிவு செய்தார்.

கல்வி

இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பை முதல் வகுப்பில் தேறினார். மருத்துவராகும் வாய்ப்பை இவர் ஏற்கவில்லை. குழந்தையை விட்டு நள்ளிரவில் நோயாளிகளைக் காணச் செல்ல நேரும் என்பதே அதற்குக் காரணம். எனவே தந்தையின் துறையான மின்பொறியியலைத் தேர்ந்தார். கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவின் ஆதரவும், பொதுக் கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டேதமின் இசைவும் பெற்று 1940 இல் சேர்க்கப்பட்டார். அடுத்த ஆண்டு லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா ஆகிய இருவரும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். இரண்டாம் உலகப் போர் காரணமாகப் படிப்புக் காலம் குறைக்கப்பட்டதால் மூவரும் ஒருசேரத் தேறினர். ஆண்களுக்கென்றே அச்சிடப்பட்டிருந்த பட்டச் சான்றிதழில், 'அவன்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் அடிக்கப்பட்டு 'அவள்' என மையால் எழுதப்பட்டது. செயல்முறைப் பயிற்சியை ஜமால்பூர் தொடர்வண்டிப் பணிமனையில் பெற்றார்.

பணி

முதலில் சிம்லாவிலிருந்த மத்திய தரநிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராக 1946 வரை பணிபுரிந்தார். பின்னர் தந்தையின் ஆய்வுகளுக்குச் சிறிது காலம் உதவினார். 1948 இல் கல்கத்தாவில், பிரித்தானிய நிறுவனமான அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீசில் சேர்ந்தார். அங்கே சகோதரரின் குடும்பத்தினருடன் தங்கியதால் மகளை வளர்க்கவும் பணியைத் தொடரவும் இயன்றது. மின்செலுத்துத் தொடர்களை வடிவமைத்தல், துணை மின்நிலையங்களின் அமைப்பைத் திட்டமிடல், ஒப்பந்தங்களை நிறைவேற்றல் ஆகியவை இவருடைய பொறுப்பில் இருந்தன. பக்ரா நங்கல் அணையின் மின்னியற்றிகள் தொடர்பான பணி இவற்றுள் குறிப்பிடத்தக்கது.

மின்காப்புத் துறை

மின்காப்புக் கருவிகள், பழுது ஏற்பட்டவுடன் பழுதான பகுதியை மட்டும் மின்வழங்கலிலிருந்து துண்டிப்பவை ஆகும். மின்னோட்ட மாற்றி பெருமின்னோட்டத்தைச் சிறிய அளவாக்கித் தருகிறது. குறித்த அளவு மீறப்பட்டதை ரிலே கண்டறிந்து சுற்றுமுறிப்பிக்கு ஆணையிடுகிறது. இக்கருவி ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்து, இடர் நேரும் அந்த நொடியில் தவறாது இயங்க வேண்டும். இயங்காவிடின் தீவிபத்தும் உயிரிழப்பும் நேரக்கூடும். ஆகையால் அளவறிந்த மின்னோட்டத்தைச் செலுத்தி, ரிலே இயங்க எடுக்கும் நேரத்தை அளந்து சோதிக்கின்றனர். மெகர் கொண்டு மின்காப்புத் தடையை அளப்பதும், நிலத்தொடுப்பின் தடையை அளப்பதும் உடன் செய்யப்படும் சோதனைகளாகும். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் ஆலைகளிலும் துணை மின்நிலையங்களிலும் பணிபுரிவோரின் பாதுகாப்பு இச்சோதனைகளையே சார்ந்துள்ளது.

பன்னாட்டுத் தொடர்புகள்

இலண்டன் மின்பொறியாளர் கழகம் இவரை 1953 இல் இணை உறுப்பினராகவும் 1966 இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964 இல் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் பன்னாட்டு மாநாட்டில் கலந்து கொண்டார். இந்தியாவில் அதற்குரிய கிளை இல்லாததால் தனிப்பட்ட முறையிலேயே சென்றார். 1965 இல் இலண்டன் பெண் பொறியாளர் சங்கத்தின் உறுப்பினரானார். 1967 இல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாம் மாநாட்டில் இந்தியப் பெண்கள் பங்கேற்க உதவினார்.

மறைவு

1977 இல் பணி ஓய்வு பெற்ற லலிதா, நோயுற்று அக்டோபர் 12, 1979 அன்று தம் 60 ஆம் அகவையில் காலமானார். இவர் மறுமணம் செய்து கொள்ளவில்லை.